மரணத்திற்குப் பின்னும் தொடர்பவை
பேராசிரியர் கவிக்கோ அப்துல் ரகுமான் நினைவுரை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, மக்ரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற கல்வி நிகழ்ச்சியில் நம்மூர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரின் விருப்பத்திற்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் நாம் இரண்டு காரியங்களைச் செய்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் படிக்கிறோம். அவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்காகத் துஆச் செய்கிறோம். இன்று இவ்விரண்டுக்கும் நடுவில் சிறிது நேரத்தை எனக்கு ஒதுக்கி, ஒரு கல்லூரிப் பேராசிரியரின் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு தலைவர் அவர்கள் பணித்தார்கள். கணக்கையும் மரணத்தையும் ஒருங்கே நினைக்கின்ற இந்த மாலையில் பேச, மர்ஹூம் கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களின் வாழ்வை விடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை.

நாம் அனைவரும் அறிந்த ஒரு நபிமொழி உண்டு. மனிதன் இறந்தவுடன் அவனுடைய செயல்கள் யாவும் முடிவுக்கு வந்துவிடுகின்றன என்றும், மூன்று மட்டுமே தொடர்கின்றன என்றும் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஒன்று, நிலைத்து நின்று பயன் தரும் தர்மம். இரண்டாவது, பிறர் பயன் பெறும் கல்வி. மூன்றாவது, பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளை. ஜனாஸா வீடுகளில் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுக் கபரஸ்தானிலிருந்து வீடு திரும்பியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உங்களைப் போலவே நானும் அப்படிப் போனவன்தான்.

ஒரு பேராசிரியரின் வாழ்வில் இந்த மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து கிடந்தன என்பதைச் சொல்வதே என் நோக்கம். அதன் பிறகு என் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒரு குறையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பாட்டனார், தந்தையார், மகன்

அப்துல் ரகுமான் அவர்கள் 1937ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரையில் பிறந்தார்கள். அவர்களுடைய தந்தையார் சையத் அஹமத் அவர்கள் 'மஹி' என்ற புனைபெயரில் உருது மொழியில் கவிதை எழுதியவர். பாட்டனாரும் உருதுக் கவிஞரே. இரண்டு தலைமுறையாகக் கவிதை குடியிருந்த வீட்டில் பிறந்த பிள்ளை அவர். வீட்டின் மொழி உருது. தெருவின் மொழி தமிழ்.

இந்நிலை நமக்குப் புதிதன்று. நம்முடைய வந்தவாசியிலும் வீட்டில் உருது பேசுவோர் இருக்கிறார்கள், தமிழ் பேசுவோரும் இருக்கிறார்கள். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து இரு மொழிகளில் நலம் விசாரித்துக் கொள்கிறோம். நம் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது, எந்த மொழியை விட்டுவிடுவது என்ற பேச்சு இன்றும் பல வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதற்குப் பேராசிரியரின் வாழ்வு ஒரு விடை சொல்கிறது. அவர் ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட்டுவிடவில்லை.

தந்தையிடமிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு மொழியின் செல்வம். அந்தச் செல்வத்தை அவர் வேறொரு மொழியில் செலவிட்டார். உருதுவில் கஸல் என்றொரு கவிதை வடிவம் உண்டு. ஈரடிகளாக அமைந்து, ஒவ்வோர் ஈரடியும் தனித்து நின்று பொருள் தரும். ஆயினும் ஈரடிதோறும் இறுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் அவற்றையெல்லாம் ஒரே மாலையாகக் கோத்து வைத்திருக்கும். அந்தக் கஸலைத் தமிழில் எழுதிக் காட்டி, தமிழ் வாசகர்களிடையே அதற்கு இடம் தேடித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர். கவிஞர்கள் இரவில் ஒன்றுகூடி, ஒருவர் பின் ஒருவராகக் கவிதை சொல்ல, கேட்போர் 'வாஹ், வாஹ்' என்று மனம் விட்டுப் பாராட்டும் முஷாயிரா மரபை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அதனையும் 'கவிராத்திரி' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டு வந்தார். ஜப்பானியரின் ஐக்கூக் கவிதையைப் பாரதியார் 1916இல் ஒரு கட்டுரையின் வாயிலாகத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். நெடுங்காலம் கழித்து அந்த வடிவத்தில் எழுதி, அதனை இளைஞர்களிடையே பரப்பிய முன்னோடிகளுள் பேராசிரியரும் ஒருவர். பின்னாளில் வந்தவாசியிலிருந்து எழுதிய கவிஞர் மு. முருகேஷ் அவர்களால் நம் ஊரின் பெயரும் ஐக்கூ உலகில் அறியப்பட்டது. அந்த வழியில் முன்னே நடந்தவர்களுள் ஒருவர் வாணியம்பாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

தந்தை பிள்ளைக்கு விட்டுச் செல்வது வீடும் கடையும் மட்டும்தான் என்று எண்ணுகிறோம். வீட்டைப் பங்கு போட்டால் சிறுத்துப் போகும். கடை ஒரு தலைமுறையில் ஓங்கும். அடுத்த தலைமுறையில் ஓய்ந்தும் போகும். மஹி அவர்கள் தம் மகனுக்கு என்ன சொத்து விட்டுச் சென்றார்கள் என்பதை எவரும் இன்று கேட்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒலித்த கவிதையின் ஓசை மகன் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அம்மகன் 1999ஆம் ஆண்டில் 'ஆலாபனை' என்னும் கவிதை நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997இல், தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக அதே விருதைப் பெற்றிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இரு முஸ்லிம் எழுத்தாளர்கள் தமிழுக்கான இவ்விருதைப் பெற்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தமிழ் நமக்கு அயல்மொழி என்று எவரேனும் சொன்னால், அதற்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இரண்டு வணிகர் கல்லூரிகள்

அவர் கல்வி கற்ற கதையில் ஒரு செய்தியை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அவர் பட்டப்படிப்பையும் முதுகலைத் தமிழையும் மதுரை தியாகராசர் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரி, ஆலை அதிபரான கருமுத்து தியாகராசச் செட்டியார் அவர்களால் 1949இல் நிறுவப்பட்டது. அங்கே ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, அ. கி. பரந்தாமனார் போன்ற தமிழறிஞர்களிடம் அவர் இலக்கியமும் இலக்கணமும் கற்றார். உருதுக் கவிஞரின் மகனுக்குச் சங்க இலக்கியத்தைக் கற்பித்த அந்த ஆசிரியர்களையும் இன்று நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். அவர்கள் சமயம் பார்த்துப் பாடம் சொல்லவில்லை.

முதுகலை முடித்தவுடன் 'தமிழ்நாடு' என்ற நாளிதழில் பிழை திருத்துபவராகச் சிறிது காலம் பணியாற்றினார். பின்னாளில் தமிழகமே கவிக்கோ என்று போற்றியவர், முதலில் பிறர் எழுதியதில் ஒற்றும் புள்ளியும் பார்த்துத் திருத்தும் வேலையைத்தான் செய்தார். படித்த படிப்புக்கு உரிய வேலை உடனே கிடைக்கவில்லையே என்று மனம் சோர்ந்திருக்கும் நம் இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அக்கல்லூரி 1919ஆம் ஆண்டு தொடங்கியது. வாணியம்பாடியின் பெரும் தொழில் தோல் பதனிடுதல் என்பதை நாம் அறிவோம். தோல் வணிகத்தில் பொருளீட்டிய அவ்வூர் முஸ்லிம்கள் ஒரு கல்விச் சங்கம் கண்டு, பள்ளியும் கல்லூரியும் நடத்தினார்கள். இந்தியா விடுதலை பெறுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வளவு பெரியதல்லாத ஓர் ஊரில், நம் சமுதாயத்தார் ஒரு கல்லூரியைத் திறந்தார்கள்.

இங்கேதான் நபிமொழி கூறும் முதலாவது செல்வம் வருகிறது. ஆலை அதிபர் ஒருவர் செய்த தர்மத்தில் அப்துல் ரகுமான் கற்றார். தோல் வணிகர்கள் செய்த தர்மத்தில் அவர் கற்பித்தார். 1919இல் பொருள் கொடுத்த பெரியவர்களுள் எவருக்கும், 42 ஆண்டுகள் கழித்து மதுரையிலிருந்து ஓர் இளைஞர் வந்து தங்கள் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறார் என்பது தெரிந்திருக்க முடியாது. யாருக்குப் பயன்படும் என்று தெரியாமலே கொடுத்தார்கள். நிலைத்த தர்மத்தின் இயல்பே அதுதான். நமக்கு அருகில் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்களின் பெயரால் 1965இல் தொடங்கிய கல்லூரியும் அவ்வழியில் வந்ததே. அங்கே படித்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள்.

பேராசிரியர் 2009 முதல் 2011 வரை தமிழ்நாடு வக்ஃப் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார்கள். வக்ஃப் என்பதற்கு நிறுத்தி வைத்தல் என்று பொருள். முதலை அழியாமல் நிறுத்தி வைத்து, அதன் பயனை மட்டும் மக்களுக்குத் தந்துகொண்டே இருப்பது. ஆசிரியப் பணியும் அத்தகையதே என்பது என் எண்ணம். ஆசிரியர் தம் அறிவைக் கொடுத்த பின்னும் அது அவரிடம் குறையாமல் இருக்கிறது.

முப்பது ஆண்டு வகுப்பறை

1961 முதல் 1991 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே கல்லூரியில் அவர் பணியாற்றினார். ஆசிரியராகச் சேர்ந்து, பேராசிரியராக உயர்ந்து, தமிழ்த்துறைத் தலைவராக நெடுங்காலம் இருந்து, பின் விருப்ப ஓய்வு பெற்றார். முதல் கவிதை நூலான 'பால்வீதி' 1974இல் வெளிவந்தது. 'நேயர் விருப்பம்' 1978இல் வந்தது. 'சுட்டுவிரல்', 'பித்தன்' முதலிய நூல்கள் பின்னர் வந்தன. புதுக்கவிதையில் குறியீடு என்னும் பொருளில் ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். குறியீடு என்பது ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவது. புதுக்கவிதை புரியவில்லை என்று மக்கள் குறைகூறிய காலத்தில், அதனைப் புரிந்துகொள்ளும் வழியை ஓர் ஆசிரியராக நின்று விளக்கினார்.

கவிஞராகப் பெயர் பெற்றவர்களைத் திரையுலகம் அழைப்பது வழக்கம். அவர் திரைப்பாடல் எழுதப் போகவில்லை. அந்தத் துறையில் நல்ல கவிஞர்கள் இருந்திருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. தமக்கு உரிய இடம் எது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார் என்பதையே சொல்கிறேன். பேரும் பொருளும் சென்னையில் இருந்த காலத்தில், அவர் வாணியம்பாடியில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வாணியம்பாடியும் வந்தவாசியும் ஒரே வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1989இல் மாவட்டம் பிரிந்து நாம் திருவண்ணாமலையோடு சேர்ந்தோம். நான் அவரிடம் வகுப்பில் படித்த மாணவன் அல்லன். மேடைகளில் அவர் பேசும்போது கூட்டத்தில் ஒருவனாக அமர்ந்து கேட்டவன். ஆனால் தமிழ் படிக்க வேண்டும் என்ற துணிவு எனக்கு அவரால் வந்தது. என் தந்தையார் பாய் வியாபாரி. கோரையைப் பிளந்து, காயவைத்து, சாயமிட்டு, தறியில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்யும் தொழிலையும், நெய்த பாயைச் சுருட்டிக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்பும் தொழிலையும் அறிந்த குடும்பம் எங்களுடையது. பி.ஏ. தமிழ் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "முஸ்லிம் பிள்ளை தமிழ் படித்து என்ன செய்வாய்? யார் வேலை கொடுப்பார்கள்?" என்று தந்தையார் கேட்டார்கள். "வாணியம்பாடி கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருப்பவர் அப்துல் ரகுமான் அத்தா" என்றேன். தந்தையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு கல்லாப் பெட்டியைத் திறந்து விண்ணப்பப் படிவத்திற்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒருவர் ஓர் இடத்தில் நிற்பதாலேயே, அவர் அறியாத ஊரில் அறியாத ஒருவனுக்கு வழி திறக்கிறது. அவருக்கு என் பெயர் தெரியாது. நான் ஆசிரியப் பணியில் பெற்ற ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்று எண்ணுகிறேன். பிறர் பயன் பெறும் கல்வி என்று நபிமொழி கூறும் இரண்டாவது செல்வம் இதுவே.

என் வீட்டுக் கணக்கு

மூன்றாவது, பிள்ளை. பேராசிரியரின் இல்லத்து வாழ்வு அவருடைய குடும்பத்தாருக்கு உரியது. அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் தந்தை மகனுக்குத் தரும் செல்வம் எது என்பதை மஹி அவர்களின் வீட்டிலிருந்து நாம் கண்டோம். அந்த அளவுகோலை என் வீட்டில் வைத்துப் பார்த்தபோது நான் வெட்கப்பட்ட ஒரு நாளைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் பணியில் இருந்தேன். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் தனிப்பயிற்சி. அஸருக்குப் பின் தொடங்கினால் இஷா பாங்கு சொல்லும் வரையில் என் வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். வசதியற்ற பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. என்னிடம் படித்தவர்கள் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றார்கள்.

அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. என் மகன் மற்றப் பாடங்களில் எல்லாம் தேறி, தமிழில் தோற்றிருந்தான். தமிழாசிரியரின் மகன் தமிழில் தோல்வி. கடைத்தெருவில் அன்று இதுவே பேச்சு. நான் வீட்டுக்குப் போய் அவனைக் கடுமையாகப் பேசினேன். அவன் எதிர்த்துப் பேசும் பிள்ளையல்லன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தா, திண்ணையில் எனக்கு இடமே இல்லையே" என்று மட்டும் சொன்னான்.

பெரியோர்களே, அவன் சொன்னது உண்மை. ஊர்ப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும்போது அவன் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவான். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பான். செருப்புகளை ஒழுங்குபடுத்தி வைப்பான். என் மகன்தானே, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம் என்று நான் நினைத்தேன். பத்து ஆண்டுகள் அந்த 'எப்போது' வரவேயில்லை.

துணைத் தேர்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. தனிப்பயிற்சியை நிறுத்தினேன். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், அதே திண்ணையில், ஒரு கோரைப்பாயை விரித்து நானும் அவனும் மட்டும் அமர்ந்தோம். முதல் நாள் அவனைச் செய்தித்தாள் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தான். பத்தாம் வகுப்பு வரையில் அவன் மனப்பாடத்திலேயே காலம் தள்ளியிருக்கிறான் என்பது அன்றுதான் தமிழாசிரியனாகிய எனக்குத் தெரிந்தது. பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு நாள்தோறும் அரைப்பக்கம் உரக்கப் படிக்க வைத்தேன். சில நாள்கள் கழித்து, அலமாரியில் இருந்த கவிக்கோவின் நூல்களுள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சிறிய வரிகள், தெரிந்த சொற்கள். ஆனால் படித்து முடித்தபின் யோசிக்க வேண்டியிருக்கும். "இதற்கு என்ன அர்த்தம் அத்தா?" என்று அவனாகவே கேட்டான். தமிழில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

துணைத் தேர்வில் 58 மதிப்பெண் பெற்றுத் தேறினான். பெரிய மதிப்பெண் அல்ல. எனினும் என் பணிக்காலத்தில் நான் பெற்ற எந்தப் பாராட்டும் அந்த 58க்கு ஈடாகவில்லை.

அவன் இப்போது வளைகுடா நாட்டில் பணியில் இருக்கிறான். அங்குள்ள பள்ளியில் என் பேத்திக்குத் தமிழ்ப் பாடம் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவன் தன் மகளை அருகில் அமர்த்தித் தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் அந்தக் குழந்தை எனக்கு ஒரு பத்தி படித்துக் காட்டுகிறாள். 'ழ'கரம் இன்னும் சரியாக வரவில்லை, வந்துவிடும். "என்னப்பா, இவ்வளவு களைப்பிலும் தினமும் உட்காருகிறாயே" என்று ஒரு முறை கேட்டேன். "அந்த ஐந்து வாரம்தான் அத்தா எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றான். பதினைந்து ஆண்டுகள் அவனை வளர்த்தேன். அவன் நினைவில் நின்றவை ஐந்து வாரங்கள். நல்ல பிள்ளை நமக்காகத் துஆச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம். அந்தப் பிள்ளையோடு நாம் அமர்ந்திருந்த நேரம் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

நீண்ட நேரம் எடுத்துக்கொண்டேன். மூன்று வேண்டுகோள்களோடு நிறைவு செய்கிறேன்.

முதலாவது. நம் ஆண்டறிக்கையில் வாடகை வரவு, சந்தா வரவு, மின்கட்டணம், வெள்ளையடித்த செலவு எல்லாம் வரிசையாக அச்சாகின்றன. ஒரு பைசாவும் விடுபடுவதில்லை. அதற்காக நிர்வாகிகளைப் பாராட்டுகிறேன். அதே பக்கத்தில் இன்னும் ஒரு கணக்கும் வரவேண்டும். இந்த மஹல்லாவில் இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்தார்கள், எத்தனை பேர் மேலே படிக்கிறார்கள், எத்தனை பேர் படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கோ கடைக்கோ போனார்கள்? பெயர்களை அச்சிட வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வேண்டும். எண்ணிக்கை தெரிந்தால், நிறுத்திய பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த நாளே நாம் போய்ப் பேச முடியும்.

இரண்டாவது. வாரத்தில் இரண்டு நாள்கள் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நம் மதரஸாக் கூடத்தைத் திறந்து வையுங்கள். ஆசிரியர் தேவையில்லை. தந்தையர் தங்கள் பிள்ளைகளோடு வந்து அமரட்டும். உருது தெரிந்தவர் உருது படிக்கட்டும். தமிழ் தெரிந்தவர் தமிழ் படிக்கட்டும். படிக்கத் தெரியாத தந்தை, பிள்ளை படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். என் தந்தையாருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். அவர்கள் கொடுத்த விண்ணப்பப் பணத்தில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஆகவே எனக்குப் படிப்பில்லையே என்று எந்தத் தந்தையும் ஒதுங்க வேண்டாம். தாய்மார்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏற்ற நேரத்தையும் இடத்தையும் நிர்வாகம் வகுத்துத் தரவேண்டும். பல வீடுகளில் பிள்ளையின் முதல் ஆசிரியர் தாய்தான் என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது. ஆரணியின் பட்டும் வந்தவாசியின் பாயும் ஊர் ஊராகச் செல்கின்றன. நம்மிடம் வாணியம்பாடித் தோல் வணிகர்களின் செல்வம் இல்லை. கல்லூரி கட்ட நம்மால் இப்போது இயலாது. ஆனால் வசதியுள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், ஆண்டுக்கு ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் பட்டப்படிப்பு முடியும் வரை படிக்க வைக்க இயலும். எந்தப் பாடம் படித்தாலும் சரி. அவர்களில் ஒருவர் ஆசிரியரானால், நாம் கொடுத்தது முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றும் நபிமொழி சொல்லும் மூன்றுக்கும் அருகில் நம்மைக் கொண்டு செல்லும் என்று நம்புகிறேன்.

கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் 2017ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் சென்னையில் இறையடி சேர்ந்தார்கள். அது ரமளான் மாதம், வெள்ளிக்கிழமை. நோன்புக் கஞ்சி காய்ச்சும் வேளையில் நம் பள்ளிவாசலிலும் அச்செய்தியைப் பேசிக்கொண்டோம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று துஆச் செய்தவர்களுள் அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள். என்னைப் போல் அவரை நேரில் அறியாமலே அவரால் பயன் பெற்றவர்களும் இருந்தார்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபரை ஒளிமயமாக்கி, மேலான சுவனபதியை அவருக்கு வழங்குவானாக. அவருக்குக் கவிதையின் ஓசையைத் தந்த தந்தையாருக்கும், கல்லூரிகளைத் தந்த வள்ளல்களுக்கும், கற்பித்த ஆசிரியர்களின் குடும்பத்தாருக்கும் நல்லருள் புரிவானாக. நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. அவர்களோடு அமர்ந்திருக்கும் நேரத்தையும் பொறுமையையும் நமக்குத் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.